வீட்டிலேயே தேங்காய் எண்ணெய் உருக்குவது எப்படி: தேங்காய் பொறுக்குவது முதல் போத்தலில் ஊற்றுவது வரை

பினாங்கில் எங்கள் தாமான் குடியிருப்பில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாலைந்து பேர் மாதம் ஒருமுறை என் வீட்டுப் பின்கட்டில் கூடித் தேங்காய் எண்ணெய் உருக்குகிறோம். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். எண்ணெயில் தண்ணீர் தங்கிவிடுகிறது. அன்றைக்குப் பார்த்தால் எண்ணெய் பளபளவென்றுதான் இருக்கும். மூன்று வாரம் கழித்து மூடியைத் திறந்தால் சிக்கு வாடை அடிக்கும். பிறகு அதை ஒன்றும் செய்ய முடியாது.

அதனால் கீழே உள்ள ஒவ்வொரு படியையும், தண்ணீரை எங்கே எப்படி வெளியேற்றுகிறோம் என்பதைப் பார்த்துக்கொண்டே படியுங்கள். வரிசையை மாற்ற வேண்டாம்.

1. முதலில் இரண்டு நாளை ஒதுக்குங்கள்

முதல் நாள் மாலை பால் பிழிந்து குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். மறுநாள் காலை உருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால், பால் பிழிந்தே தோள்பட்டை வலி எடுத்துவிடும். அந்த அலுப்போடு அடுப்படிக்குப் போனால் சீக்கிரம் இறக்கிவிடத்தான் கை துடிக்கும். நம் வயதுக்கு இரண்டு நாள் வேலைதான் சரி.

ஐந்து தேங்காய்க்கு வேண்டியவை இவை: அகன்ற, அடி கனத்த வாணலி ஒன்று. தட்டையான மரக்கரண்டி. பால் வடிக்க ஒரு வெள்ளை மல் துணி, எண்ணெய் வடிக்க வேறொரு துணி. 4 லிட்டர் கொள்ளும் வாய் அகன்ற பாத்திரம். கண்ணாடியோ தெளிவான பிளாஸ்டிக்கோ, உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும். நீளக் கைப்பிடி உள்ள குழிக்கரண்டி. எஃகு வடிகட்டி. மூடியோடு கண்ணாடிப் போத்தல்கள். அப்புறம் வாணலியை முழுதாக மூடுகிற ஒரு தட்டு. இந்தத் தட்டு எதற்கு என்று ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

போத்தல்களையும் எண்ணெய்த் துணியையும் முதல் நாளே கழுவிக் காயவைத்துவிடுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். செப்டம்பர், அக்டோபர் மழையில், கழுவிக் கவிழ்த்து வைத்த போத்தல் மறுநாள்கூட உள்ளே பனித்தாற்போல் இருக்கும். வெயில் இருந்தால் நேர் வெயிலில் 2 மணி நேரம் வையுங்கள். இல்லையென்றால், ஓவன் குளிர்ந்திருக்கும்போதே போத்தலை மூடியில்லாமல் அதற்குள் வைத்து, 100 டிகிரியில் கால் மணி நேரம் சூடாக்கி, உள்ளேயே ஆறவிடுங்கள். சூடான ஓவனில் குளிர்ந்த போத்தலை வைத்தால் விரிசல் விடும்.

2. தேங்காய் பொறுக்குதல்

நன்றாக முற்றிய தேங்காய்தான் வேண்டும். இளசாக இருந்தால் பால் வெள்ளையாக வரும், ஆனால் எண்ணெய் இறங்காது. காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே தண்ணீர் தளும்புகிற சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். முற்ற முற்ற உள்ளே தண்ணீர் குறைந்து வெற்றிடம் கூடுவதால் வருகிற சத்தம் அது. சத்தமே இல்லையென்றால் ஒன்று இளசு, அல்லது ஓட்டில் விரிசல் விட்டுத் தண்ணீர் வற்றிப்போனது. இரண்டுமே வேண்டாம்.

அடுத்து கண்களைப் பாருங்கள். மூன்று கண்ணும் காய்ந்திருக்க வேண்டும். பூஞ்சை பிடித்திருந்தாலோ, விரல் வைத்து அழுத்தினால் ஈரம் தட்டினாலோ உள்ளே கெட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். முளை விட்ட காயையும் ஒதுக்குங்கள். உள்ளே வளர்கிற தேங்காய்ப்பூ பருப்பிலிருக்கும் சத்தை எடுத்துக்கொண்டிருக்கும், எண்ணெய் குறையும். பூவை எடுத்துப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுங்கள், காயைக் கறிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பண்டான் தேங்காய் இளநீருக்கு உரியது, எண்ணெய்க்கு ஆகாது.

துருவ முடியாதவர்கள் பாசாரில் மிஷினில் துருவிய தேங்காயே வாங்கலாம். சௌராஸ்டா சந்தையிலும் சரி, ஆயர் ஈத்தாம் பக்கமும் சரி, கண்ணெதிரே துருவிக் கொடுப்பார்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். துருவுமணையில் குனிந்து உட்கார என் முழங்கால் இடம் கொடுப்பதில்லை. ஐந்து காய்க்குச் சுமார் 2 கிலோ துருவல் வரும். பழுப்புத் தோலைச் சீவிவிட்டுத் துருவச் சொன்னால் எண்ணெய் தெளிவாக இருக்கும். தோலோடு துருவினால் நிறம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

கடையிலேயே பாலாகவும் பிழிந்து தருவார்கள். அப்படி வாங்கினால் “தாக் மாவ் ஆயேர்” என்று சொல்லித் தண்ணீர் சேர்க்காத கெட்டிப் பாலாகக் கேளுங்கள். பெட்டியில் அடைத்து விற்கும் சந்தானை, அதாவது தேங்காய்ப்பாலை, மட்டும் வாங்கவே வேண்டாம். பாலும் கொழுப்பும் பிரியாமல் இருப்பதற்கென்றே அதில் சில பொருள்கள் சேர்த்திருப்பார்கள். நமக்கோ அது பிரிய வேண்டும். ஒரு முறை ஒருவர் ஆறு பெட்டி வாங்கி வந்து இரண்டு மணி நேரம் கிளறினார். கடைசியில் கஞ்சிதான் மிஞ்சியது.

தீபாவளி, ஹரி ராயா நெருங்கும்போது தேங்காய்க்குக் கிராக்கி ஏறும், முற்றாத காயும் கலந்து வரும். பண்டிகைக்கு எண்ணெய் வேண்டுமானால் ஒரு மாதம் முன்பே உருக்கி வைத்துவிடுங்கள்.

3. பால் பிழிதல்

துருவலில் 1½ லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். கை பொறுக்கிற சூடு போதும். பச்சைத் தண்ணீரில் கொழுப்பு சுலபமாக இறங்காது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கையை உள்ளே விட முடியாது.

ஐந்து நிமிடம் ஊறவிட்டு, மாவு பிசைவது போல் நன்றாகப் பிசையுங்கள். பிறகு கைப்பிடி அளவாக அள்ளித் துணியில் போட்டு முறுக்கிப் பிழியுங்கள். மொத்தமாகப் போட்டு முறுக்கினால் நடுவிலிருக்கும் துருவல் பிழிபடாமலே நின்றுவிடும். மணிக்கட்டுக்கும் கேடு.

இரண்டாம் பாலுக்கு 1 லிட்டர் தண்ணீர் போதும். எண்ணெய்க்கு மூன்றாம் பாலைச் சேர்க்காதீர்கள். அதில் எண்ணெய் சொற்பம், தண்ணீர்தான் கூடும். அதைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

4. ஏடு பிரித்தல்

இந்தப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிழிந்த பாலை அப்படியே வாணலியில் ஊற்றினாலும் எண்ணெய் வரும், ஆனால் இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீரை அடுப்பிலேயே வற்றவைக்க வேண்டும். கேஸும் போகும், கையும் ஓயும்.

பாலைத் தெளிவான பாத்திரத்தில் ஊற்றி மூடி, குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுவதும் வையுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே இறுகிவிடும் அல்லவா? அந்தக் குணம்தான் இங்கே நமக்கு உதவி. காலையில் பார்த்தால் மேலே ஏடு வெள்ளைப் பலகை போல் உறைந்திருக்கும், கீழே கலங்கல் தண்ணீர் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தாலே கோடு போட்டாற்போல் தெரியும். தெளிவான பாத்திரம் வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான்.

கரண்டிக் காம்பால் ஏட்டின் ஓரத்தில் எதிரெதிரே இரண்டு துளை போடுங்கள். ஒன்று காற்று உள்ளே போக, ஒன்று தண்ணீர் வெளியேற. ஒரே துளை போட்டால் தண்ணீர் குபுக்கென்று ஏட்டையும் பெயர்த்துக்கொண்டு வரும். மெதுவாகச் சாய்த்தால் தண்ணீர் முழுவதும் இறங்கிவிடும், ஏடு அப்படியே நிற்கும். முதல் தடவை இதைச் செய்யும்போது பார்க்கவே அவ்வளவு ஆசையாக இருக்கும்.

பெட்டியில் இடமில்லாதவர்கள் பாலை வெளியே ஒரு நாள் வைத்துப் புளிக்கவிட்டும் பிரிக்கலாம். நம் ஊர்ச் சூட்டுக்கு அது நன்றாகவே பிரியும். பாத்திரத்தை இறுக மூடாமல் துணி கட்டி வையுங்கள், புளிக்கும்போது காற்று வெளியேற வேண்டும். லேசான புளிப்பு வாடை இருக்கலாம். அழுகல் வாடையோ, நிறம் மாறிய பூஞ்சையோ தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். புளித்த ஏட்டை அலுமினியச் சட்டியில் காய்ச்ச வேண்டாம். முதல் முறை செய்கிறவர்கள் குளிர்சாதன வழியிலேயே செய்யுங்கள்.

5. உருக்குதல்

அடுப்பை மூட்டுவதற்கு முன்பு மூன்று காரியம். வாணலிக் காம்பை உள்பக்கமாகத் திருப்பிவையுங்கள். மூடும் தட்டைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். நைலான் துணி உடுத்தியிருந்தால் மாற்றிக்கொண்டு வாருங்கள். எண்ணெய் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்துத் தட்டால் மூட வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றினால் தீ மேலே எழும்பும். சின்னப் பிள்ளைகள் வீட்டிலிருந்தால் இந்த ஒரு மணி நேரம் சமையலறைப் பக்கம் வரவிடாதீர்கள்.

ஏட்டை வாணலியில் போட்டு நடுத்தரத் தீயில் வையுங்கள். முதலில் அது உருகிப் பால் போலப் பொங்கும். வாணலியில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், பொங்கினால் அடுப்பெல்லாம் வழியும். கிளறிக்கொண்டே இருந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பொங்கல் அடங்கும்.

அடுத்து, பால் திரிந்தாற்போல் கட்டி கட்டியாக வரும். பாலிலிருக்கும் புரதம் சூட்டில் திரள்வதுதான் அது. கெட்டுப்போய்விட்டது என்று சிலர் இங்கேயே பயந்துவிடுகிறார்கள். கெடவில்லை, இப்படித்தான் வர வேண்டும். இப்போது தீயைக் குறைத்துவிடுங்கள். மரக்கரண்டியால் அடியைச் சுரண்டிச் சுரண்டிக் கிளறுங்கள். இந்தக் கட்டிகள் அடியில் ஒட்டிக் கருகினால் எண்ணெய் முழுவதற்கும் கருகல் வாடை ஏறும்.

பிறகு ஓரங்களில் எண்ணெய் கசியத் தொடங்கும். மெல்ல மெல்லக் கூடி, கட்டிகள் எண்ணெயில் மிதக்கும். வாணலி படபடவென்று சத்தம் போடும். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, ஆகவே முடிந்துவிட்டது என்ற நினைப்பு. முடியவில்லை. அந்தப் படபடப்பே கட்டிகளுக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெடிக்கிற சத்தம்தான். இந்த நேரத்தில் இறக்கினால் அந்தத் தண்ணீர் அப்படியே எண்ணெயோடு போத்தலுக்குள் போய்விடும்.

எங்களோடு உருக்க வரும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் முதல் நாள் கைப்பேசியில் நேரம் வைத்துக்கொண்டு நின்றார். “அக்கா, முக்கால் மணி ஆச்சு. எண்ணெய் நல்லா பிரிஞ்சிடுச்சு, இறக்கிடவா?” என்றார்.

“மணியைப் பாக்காதீங்க அண்ணே, சத்தத்தைக் கேளுங்க.”

அவர் கரண்டியை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். அதற்குப் பிறகு அவருக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நேரம் சொல்ல முடியாததற்குக் காரணம் இருக்கிறது. ஏட்டில் எவ்வளவு தண்ணீர் நின்றது, வாணலி எவ்வளவு அகலம், தீ எப்படி என்பதைப் பொறுத்து 40 நிமிடமும் ஆகலாம், 1 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். நம்ப வேண்டியது மூன்றை. ஒன்று சத்தம். படபடப்பு குறைந்து குறைந்து, எப்போதாவது ஒரு பொட்டு வெடிப்பது போல் ஆகும். இரண்டு நுரை. பெரிய பெரிய குமிழிகள் போய், பொடி நுரை ஓரத்தில் மட்டும் நிற்கும். மூன்று கட்டிகளின் நிறம். வெள்ளை மாறி மணல் நிறத்துக்கு வந்து, லேசாக வறுத்த முந்திரி நிறத்தை எட்டும். பால் வாடை போய் வறுத்த தேங்காய் மணம் வரும்.

முந்திரி நிறம் வந்த உடனே அடுப்பை அணையுங்கள். கனத்த வாணலியின் சூட்டில் அது இன்னும் கொஞ்சம் சிவக்கும். நல்ல பொன்னிறம் வரட்டும் என்று அடுப்பிலேயே காத்திருந்தால், இறக்கிய பிறகு காப்பி நிறத்துக்குப் போய்விடும். அப்படிப் போனால் அந்த எண்ணெயை விளக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

6. வடிகட்டுதல்

வாணலியைத் தூக்கிச் சாய்க்காதீர்கள். கால் மணி நேரம் ஆறவிட்டு, குழிக்கரண்டியால் மேலாக மொண்டு ஊற்றுங்கள். வடிகட்டியின் மேல் காய்ந்த துணியை இரண்டு மடிப்பாக விரித்து, காய்ந்த எஃகுப் பாத்திரத்தில் வடியவிடுங்கள். பிளாஸ்டிக் பாத்திரம் இந்தச் சூட்டைத் தாங்காது.

தானாக வடிகிற எண்ணெய் மட்டும்தான் முதல் தரம். துணியை முறுக்கிப் பிழிந்து வருவதைத் தனியாக வைக்க வேண்டும். நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆரம்பத்தில் ஒரு தீபாவளிக்கு முன்பு இரண்டு போத்தல் உருக்கினேன். கடைசிச் சொட்டை வீணாக்குவானேன் என்று துணியைப் பிழிந்து அதையும் அதிலேயே ஊற்றினேன். கசடின் நடுவிலிருந்த ஈரமும் பொடியும் கூடவே இறங்கிவிட்டன. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற விடியலில் திறந்தால் இரண்டு போத்தலும் காறிப்போயிருந்தன. அன்றைக்குக் கடை எண்ணெயைத்தான் பிள்ளைகள் தலையில் வைத்தேன். அது இன்னும் மனதை உறுத்துகிறது. பிழிந்த எண்ணெயை நான் இப்போது சாமி விளக்குக்கென்று சின்னப் போத்தலில் வைத்து, ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுகிறேன்.

ஐந்து தேங்காய்க்கு எனக்கு 350 முதல் 450 மில்லி வரை கிடைக்கிறது. 300 மில்லிக்கும் கீழே போனால் காய் முற்றவில்லை, அல்லது பால் சரியாகப் பிழியவில்லை.

7. தண்ணீர் இருக்கிறதா என்று சோதித்தல்

ஒரு சின்னக் கரண்டியைக் காயவைத்து, அதில் அரைத் தேக்கரண்டி எண்ணெய் எடுத்துச் சிறு தீயில் காட்டுங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சத்தமில்லாமல் சூடேறினால் சரி. சடசடவென்று பொரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. எண்ணெய் முழுவதையும் திரும்ப வாணலியில் ஊற்றி, சிறு தீயில் சத்தம் அடங்கும் வரை சூடாக்குங்கள். இந்தச் சோதனையைத் தவறவிட்டால் பிறகு சரிசெய்ய வாய்ப்பே இல்லை.

எண்ணெய் முழுக்க ஆறியதும் மூடி, இரண்டு நாள் அசையாமல் வையுங்கள். பொடி அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும் போத்தலில் இறுத்து, அடி மண்டியை விளக்குக்கு வைத்த எண்ணெயோடு சேர்த்துவிடுங்கள்.

8. போத்தலில் அடைத்து வைத்தல்

எண்ணெய் முழுக்க ஆறிய பிறகே மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியின் உள்ளே வியர்த்து, அந்தச் சொட்டு எண்ணெயிலேயே விழும். வெளிச்சமும் எண்ணெயைக் கெடுக்கும், ஆகவே அலமாரிக்குள் வையுங்கள். சன்னலோரம் அழகாக இருக்கும், ஆனால் வேண்டாம். ஒரே பெரிய போத்தலைவிட நாலு சின்னப் போத்தல் நல்லது. ஈரக் கரண்டியோ ஈர விரலோ ஒன்றில் பட்டாலும் மற்ற மூன்று தப்பிக்கும். உருக்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள்.

ஏர்கான் அறையில் வைத்தால் எண்ணெய் வெள்ளையாக உறைந்துவிடும். கலப்படமோ என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. வெளியே எடுத்து வைத்தால் தானாக உருகும்.

சமையலுக்கு வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் உருக்கியதானாலும் இதில் 80 விழுக்காட்டுக்கும் மேல் நிறைவுற்ற கொழுப்புதான். கொழுப்புக்கோ இருதயத்துக்கோ மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டு அளவோடு சேர்த்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் பெரும்பங்கு தலைக்கும் விளக்குக்கும்தான் போகிறது.

9. தலை எண்ணெய்க்குக் கறிவேப்பிலை போடுகிறவர்கள் கவனிக்க

இலையில் தண்ணீர் இருக்கிறது. பச்சை இலையைக் கிள்ளி நேராகப் போத்தலுக்குள் போடுவது, பாடுபட்டு வெளியேற்றிய தண்ணீரைத் திரும்ப உள்ளே விடுவதுதான். கறிவேப்பிலையைக் கழுவி, துடைத்து, நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள். தேவையான எண்ணெயை மட்டும் தனியாக எடுத்துச் சூடாக்கி, இலையைப் போட்டு, நொறுங்குகிற பதம் வரை சிறு தீயில் வையுங்கள். இங்கேயும் சத்தம் அடங்குவதுதான் அடையாளம். பிறகு வடிகட்டுங்கள், இலையை உள்ளே விட்டுவைக்க வேண்டாம். செம்பருத்திப் பூவுக்கும் இதே முறைதான், ஆனால் அது கறிவேப்பிலையைவிட உலர நாள் எடுக்கும்.

10. மிச்சத்தை என்ன செய்வது

பிழிந்த தேங்காய்த் திப்பியைச் செடித் தொட்டியில் அப்படியே கொட்டாதீர்கள். மறுநாளே எறும்பு மொய்க்கும், பூஞ்சை கட்டும். காய்ந்த இலையோடு கலந்து உரக்குழியில் புதையுங்கள். ஏட்டின் அடியில் நின்ற தண்ணீரையும் குழியிலேயே ஊற்றலாம். சிரட்டையை வெயிலில் போட்டு வையுங்கள், சாம்பிராணி போடத் தணலுக்கு ஆகும்.

வாணலியில் நின்ற கசடு கருகாமல் பொன்னிறமாக இருந்தால் அதைத் தூக்கிப்போட மனம் வராது. சூடு ஆறுவதற்குள் கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை தூவிப் பிசறி, உதவிக்கு வந்தவர்கள் கையில் ஆளுக்கு ஒரு உருண்டை கொடுங்கள். புளிக்கவிட்ட பாலிலிருந்து வந்த கசடு புளிப்பாக இருக்கும், அதை மட்டும் உரக்குழியில் போட்டுவிடுங்கள்.